ராக்கெட்பால்: மணிக்கு 300 கி.மீ. நிஜமா, கதையா?

மார்ச் 4 – வந்த கேள்வி

"நாலு சுவருக்குள் மட்டையால் பந்தை முன்சுவரில் அடித்து ஆடுகிற ராக்கெட்பாலில் மணிக்கு 191 மைல் வேகத்தில் அடித்திருக்கிறார்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். கி.மீ. கணக்கில் 307. டென்னிஸில் சாம் குரோத் 2012-ல் போட்ட சர்வ் கூட 263 கி.மீ.தான். ஆள் ஆறடிக்கு மேல், மட்டை 27 அங்குலம். இங்கே மட்டை மொத்தமே 22 அங்குலம். இதை வைத்துக்கொண்டு 300-ஐத் தாண்ட முடியுமா? யாரோ விட்ட கதையை எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்பது என் கட்சி."

மார்ச் 4, இரவு

கதை இல்லை. ஆனால் அந்த எண்ணை எங்கே நின்று அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறும்.

191 மைல் என்பது ஹவாய்க்காரர் ஈகன் இனோவே பெயரில் பல காலமாக வழங்கிவரும் எண். 1986, 1990 இரண்டு முறையும் ஒற்றையர் உலகப் பட்டம் வாங்கியவர். பிறகு கூண்டுச் சண்டைப் பக்கம் போய்விட்டார். அந்தத் தோளைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். இன்றைய முன்னணி ஆண்கள் 150 மைலுக்கு மேல், அதாவது 240 கி.மீ.க்கு மேல், சாதாரணமாக அடிக்கிறார்கள். 191 அந்த வரிசையின் உச்சி.

டென்னிஸோடு ஒப்பிடும்போது எடையை விட்டுவிடக் கூடாது. ராக்கெட்பால் பந்து 40 கிராம், உள்ளே வெற்று ரப்பர். டென்னிஸ் பந்து 56-லிருந்து 59 கிராம் வரை. 307 கி.மீ.யில் போகும் ராக்கெட்பால் பந்தின் இயக்க ஆற்றல் சுமார் 146 ஜூல். குரோத்தின் சர்வ் 155 ஜூல் பக்கம். ஆக, டென்னிஸ்காரர் கொடுத்த ஆற்றலைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இவர் கொடுத்திருக்கிறார். பந்து இலேசு, அதனால் வேகம் கூடிவிட்டது. அவ்வளவுதான்.

மார்ச் 4, தூங்கப் போகுமுன்

மற்ற ஆட்டங்களையும் போட்டுவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். ஸ்குவாஷ்: கேமரூன் பில்லி, 2014, 281.6 கி.மீ., பந்து 24 கிராம், 73 ஜூல். பாட்மிண்டன்: சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, 2023, 565 கி.மீ., இறகுப்பந்து 5 கிராம், 62 ஜூல். ஹாய் அலாய் (கையில் கட்டிய கூடையால் பந்தைச் சுவரில் வீசும் ஆட்டம்): ஹோசே ரமோன் அரெய்தியோ, 1979, 302 கி.மீ., பந்து 125 கிராமுக்கு மேல். ஆற்றல் 440 ஜூலைத் தாண்டுகிறது. அந்த ஆட்டத்தில் ஏன் ஹெல்மெட் போடுகிறார்கள் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

மார்ச் 6

எடை சரி, மட்டை நீளம் என்ன ஆனது என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

முதலில் ஒன்று. டென்னிஸ் சர்வில் கட்டம் என்று ஒன்று உண்டு. வலையைத் தாண்டி 21 அடிக்குள் பந்து தரையைத் தொட வேண்டும். எவ்வளவு பலம் இருந்தாலும் அந்தக் கட்டத்துக்குள் இறக்குவதற்காக ஆட்டக்காரர் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுக்கிறார். ராக்கெட்பாலில் ரேலி (இருவரும் பந்தை மாறி மாறி அடிப்பது) நடக்கும்போது எதிரே இருப்பது 20 அடி அகலம், 20 அடி உயரம் உள்ள சுவர். பந்து தரையைத் தொடாமல் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். 'அவுட்' என்ற பயமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தில் வீச அனுமதி உள்ள ஆட்டங்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு.

இரண்டாவது, குட்டை மட்டை என்பதால் மணிக்கட்டு வேலை செய்கிறது. நீள மட்டையைக் கடைசி நொடியில் மணிக்கட்டால் சுண்டுவது கடினம். இந்த மட்டை, வலையாகக் கட்டும் நரம்பு இல்லாமல், 170 கிராம் சுற்றுவட்டாரம்தான். பிடிக்கும் விதமும் வேறு: பல பேர் சுண்டுவிரலைப் பிடியின் அடி விளிம்பில் வைத்துத்தான் பிடிக்கிறார்கள், சிலருக்கு அது பிடியைவிட்டே வெளியே தொங்கும். அதனால் நெம்புகோல் அரை அங்குலமாவது நீள்கிறது. மட்டை கையைவிட்டுப் பறந்துவிடக் கூடாது என்றுதான் மணிக்கட்டில் கயிறு கட்டியே ஆட வேண்டும் என்று விதியும் வைத்தார்கள்.

மட்டை என்ன வேகத்தில் வர வேண்டும்? நின்ற இடத்தில் இருக்கும் பந்து மட்டையின் வேகத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கில் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால், 307-க்கு மட்டை 205 கி.மீ. வேகத்தில் வர வேண்டும். இடுப்பு திரும்பி, தோள் பின்தொடர்ந்து, முழங்கை முன்னால் வந்து, கடைசியில் மணிக்கட்டு. இந்த வரிசை கலையாத ஒருவருக்கு அது நடக்கிற காரியம். என்னைப் போல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திருப்புகிறவர்களுக்கு நடக்காது.

மார்ச் 7

அளவு எங்கே எடுக்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

வேகம் அளக்கும் ரேடார் கன், பந்து தன்னை நோக்கி வரும் வேகத்தை, அல்லது தன்னைவிட்டு விலகும் வேகத்தை மட்டும்தான் பார்க்கும். நேர்க்கோட்டிலிருந்து 20 டிகிரி விலகி நின்றால் 6 சதவீதம் குறைத்துக் காட்டும். 307 போன பந்தை 288 என்று சொல்லும். ஆகவே கோணத்தால் வரும் பிழை எப்போதும் குறைத்துக் காட்டுகிற பிழைதான். கதை விடுகிறவர்களுக்கு அது உதவாது.

ஆனால் ரேடார் பிடிப்பது உச்ச வேகம். மட்டையைவிட்ட கணத்தில் உள்ள வேகம். பந்து முன்சுவரை அடையும்போது அது இருக்காது. பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவதோ, எதிராளி சமாளிக்க வேண்டியதோ அந்த 307 இல்லவே இல்லை.

மார்ச் 9

ரேடார் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போன் போதும். காமிராவை மறந்துவிடுங்கள், விநாடிக்கு 240 படம் எடுத்தாலும் உச்ச வேகப் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 35 செ.மீ. போய்விடும், கிடைப்பது நீலக் கோடு மட்டும். ஒலிப்பதிவுதான் வழி. மட்டையில் பட்ட சத்தம் ஒன்று, முன்சுவரில் மோதிய சத்தம் ஒன்று. அலைவடிவத்தில் இரண்டும் ஊசி மாதிரி நிற்கும். நடுவில் உள்ள நேரத்தை எடுத்துத் தூரத்தை வகுத்தால் வேகம்.

நான் முன்சுவரிலிருந்து 36 அடி தள்ளி, அதாவது 10.97 மீட்டரில் நின்று அடித்தேன். போன் என் பக்கத்திலேயே தரையில். நல்ல அடி ஒன்றுக்கு இடைவெளி 0.29 விநாடி. நேராக வகுத்தால் 136 கி.மீ. மனசு ஒடிந்துவிட்டது.

ஆனால் சுவர்ச் சத்தம் போனுக்குத் திரும்பி வரவும் நேரம் ஆகிறதே. 11 மீட்டருக்கு 0.032 விநாடி. அதைக் கழித்தால் பந்து எடுத்துக்கொண்டது 0.258. இப்போது 153 கி.மீ. கொஞ்சம் மூச்சு வந்தது.

அதுவும் சராசரிதான். கிளம்பிய வேகம் இன்னும் அதிகம். எவ்வளவு அதிகம் என்பதற்குக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும், நாளை எழுதுகிறேன். இன்று தோள் வலிக்கிறது.

மார்ச் 10

காற்று. பந்தின் விட்டம் 57 மி.மீ., எடை 40 கிராம். இழுவைக் கெழு (காற்று ஒரு பொருளை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்) 0.5 என்று வைத்துக்கொண்டால், 307 கி.மீ.யில் காற்று மட்டும் அந்தப் பந்தை ஐந்தரை நியூட்டன் விசையோடு பின்னால் பிடித்து இழுக்கிறது. பந்தின் எடையைப் போல் 14 மடங்கு! 11 மீட்டர் போவதற்குள் 19 சதவீதம் வேகம் போய்விடும். 307-ல் கிளம்பியது சுவரைத் தொடும்போது 250 பக்கம்.

அதே கணக்கில் என்னுடைய 153 சராசரிக்குக் கிளம்பிய வேகம் 170 கி.மீ. சுவரைத் தொடும்போது 138. ஒரே அடிக்கு 136, 153, 170 என்று மூன்று எண் வந்துவிட்டது, மூன்றுமே ஒருவிதத்தில் சரி. இனிமேல் யாராவது 'நான் இத்தனை அடித்தேன்' என்றால் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். நான் வெளியே 170 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10, சாயங்காலம்

மேலே உள்ள 0.5-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வழுவழுப்பான உருண்டைக்கு ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காற்றின் இழுவை சட்டென்று விழும். பந்துக்குப் பின்னால் உருவாகும் சுழல் வால் ஒடுங்கிவிடுவதுதான் காரணம். 57 மி.மீ. விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த எல்லை 300 கி.மீ. பக்கத்தில் வந்து நிற்கிறது. அதாவது என் 170-க்கு 0.5 சரியாக இருக்கும்; இனோவே மாதிரி ஆட்களுக்கு இழுவை குறைந்திருக்கலாம், 19 சதவீதம் என்பதை மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பலசாலிகளுக்குக் காற்றும் சலுகை கொடுக்கிறது.

மார்ச் 11

"பின்சுவரில் பட்டு வரும் பந்தைத்தான் உச்ச வேகத்தில் அடிக்க முடியும், ஏற்கெனவே அது முன்னோக்கித்தானே வருகிறது" என்று ஒருவர். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு எதிராகப் போகிறது. பந்து மட்டையை எதிர்த்து வந்தால் அதன் வேகத்தில் ஒரு பங்கு கிளம்பும் வேகத்தோடு கூடும். மட்டை போகும் திசையிலேயே போய்க்கொண்டிருந்தால் அதே பங்கு கழியும். பின்சுவர்ப் பந்தை விரட்டிப் பிடித்துத்தான் அடிக்கிறோம்.

ஆனாலும் அவர் அனுபவம் பொய் இல்லை. எனக்கும் அங்கேதான் பலமான அடி விழுகிறது. காரணம் நேரம். பந்து பின்சுவருக்குப் போய்த் திரும்புவதற்குள் காலை வைத்து, மட்டையைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, கல்யாணத்துக்கே தயாராகிவிடலாம்.

மார்ச் 13

உடம்பில் பட்டால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அனுபவசாலியாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் வலி இல்லை, சத்தம். ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி. இரண்டு மூச்சு கழித்து எரியும். பிறகு அந்த இடத்தில் ஒரு வளையம் எழும்பும்: ஓரம் சிவப்பு, நடுவில் வெளிறிய வட்டம். பந்து உள்ளே வெற்றாக இருப்பதால் தோலில் பட்டதும் தட்டையாகி விளிம்பில் அழுத்துகிறது. அடுத்த நாள் அந்த வளையம் ஊதா, அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். தொடையின் பின்புறமும் முதுகும்தான் வழக்கமான இலக்கு, ஏனென்றால் அடிப்பவர் நமக்குப் பின்னால் நிற்கிறார். என் தொடையில் பட்டது 307-உம் இல்லை, 170-உம் இருந்திருக்காது. அதற்கே இப்படி.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு: ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் போட்ட 161.3 கி.மீ. பந்தின் ஆற்றல் சுமார் 160 ஜூல். உச்ச வேக ராக்கெட்பால் பந்தின் 146 அதற்குப் பக்கத்தில் வருகிறது. பந்து மெத்தென்று இருப்பதால் எலும்பு தப்பிக்கிறது. கண் தப்பிக்காது. முன்காலத்தில் கண்ணாடி இல்லாத, வெறும் சட்டம் மட்டும் உள்ள காப்பு ஒன்று இருந்தது. வேகமாக வரும் பந்து நசுங்கி அந்த இடைவெளியில் பிதுங்கிக் கண்ணைத் தொட்டுவிடும். அதனால்தான் இப்போது லென்ஸ் உள்ள காப்பு கட்டாயம். 'நான் பயிற்சிக்குத்தானே வந்தேன்' என்று அதைப் பையிலேயே வைத்துவிட்டு உள்ளே வருகிறவர்களோடு நான் ஆடுவதில்லை. சண்டை வந்தாலும் சரி.

மார்ச் 13, இரவு

ஆமாம், அடித்தவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்கள் நடுவில் நின்றீர்கள், பாயிண்ட் எனக்கா?" என்றும் கேட்டார்.

மார்ச் 17

நிறைய பேர் வேகம் வேகம் என்று எழுதுவதால் இது. வேகம் சில சமயம் எதிராளிக்கு வைக்கிற விருந்து.

கோர்ட் நீளம் 40 அடிதான். பந்து நன்றாகத் துள்ளும் ஜாதி: 100 அங்குலத்திலிருந்து போட்டால் 68-லிருந்து 72 அங்குலம் வரை எழ வேண்டும் என்பது விதி. இப்படிப்பட்ட பந்தை முழு பலத்தோடு முன்சுவரில் இடுப்பு உயரத்தில் அடித்தால் என்ன ஆகும்? தரையில் ஒரு தரம் பட்டு, பின்சுவரில் மோதி, எதிராளிக்கு மார்ச் 11 குறிப்பில் சொன்ன அந்தக் கல்யாண நேரத்தைக் கொடுத்து, அவர் கைக்குப் போய்ச் சேரும். அதே அடியை முன்சுவரில் முழங்காலுக்குக் கீழே அடித்தால் பின்சுவர் போவதற்குள் இரண்டாவது தடவை தரையைத் தொட்டுவிடும், பாயிண்ட். இன்னும் கீழே, நாலு விரல் உயரத்தில் அடித்தால் உருண்டே வரும். அதற்கும் கீழே போனால் சுவருக்கு முன் தரையைத் தொட்டு நமக்கே நஷ்டம். வேகம் கூடக்கூட, பிழை செய்ய இருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது. முன்னணி ஆட்டக்காரர்களை நான் வியப்பது 250 கி.மீ.க்காக இல்லை. 250-ஐ அந்த நாலு விரலுக்குள் வைக்கிறார்களே, அதற்காக.

கனடாவின் கேன் வாசலென்சுக்கின் ஆட்டத்தைப் பாருங்கள். ராக்கெட்பால் யு.எஸ். ஓப்பன் 14 தடவை வென்ற இடதுகைக்காரர். அவர் அடி பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் பந்து வருமுன் மட்டை எப்போது மேலே போனது என்று கவனியுங்கள். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மட்டை தயாராக இருக்கும். அதே தூக்கலிலிருந்து குறுக்கேயும் அடிப்பார், நேராகவும் அடிப்பார், முன்னால் மெல்லத் தட்டியும் விடுவார். மெக்சிகோவின் பாவோலா லொங்கோரியா 2011-லிருந்து 2014 வரை 152 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்தார். ரேடார் கன்னில் அவரைவிட வேகமாக அடிக்கும் ஆண்கள் ஏராளம் பேர் இருப்பார்கள். அந்த ஏராளத்தில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் ஒரு கேம் எடுத்தால் பெரிது.

மார்ச் 18

சர்வை எப்படி எடுக்கிறார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டேன். சர்வ் போடுகிறவர் முன்சுவரிலிருந்து 15 அடிக்கும் 20 அடிக்கும் நடுவில் நிற்கிறார். 150 மைலில் அடித்தால் பந்து சுவருக்குப் போய், மோதலில் ஒரு பகுதி வேகத்தை இழந்து, தரையில் பட்டுப் பின்மூலைக்கு வர ஏறக்குறைய 0.4 விநாடி. பார்த்துக் கையை அசைக்கத் தொடங்கவே மனிதனுக்கு 0.2 ஆகிவிடும். மிச்சம் இருக்கிற 0.2-ல் ஒரு எட்டு வைத்து மட்டையை நீட்ட வேண்டும். பந்தைப் பார்த்துப் புறப்பட்டால் கதை முடிந்தது. சர்வ் போடுகிறவரின் தோளையும், பந்தை எங்கே தட்டி விடுகிறார் என்பதையும் பார்த்துத்தான் புறப்படுகிறார்கள்.

மார்ச் 22

பழைய கதை கொஞ்சம். ஜோ சோபெக் 1950-ல் கனெக்டிகட்டில் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது மரச்சட்டம், குட்டை மட்டை. ரொம்ப காலம் இது பொறுமைக்காரர்களின் ஆட்டமாக இருந்தது. கூரைக்கு அடித்து அடித்து எதிராளியைச் சலிக்க வைப்பார்கள். எழுபதுகளில் மார்ட்டி ஹோகன் என்ற பையன் வந்தான். பந்தை உடம்புக்கு முன்னால் வாங்கச் சொல்லிக் கொடுத்த காலத்தில், அவன் பின்னால் வரவிட்டு, ஊசல் மாதிரி மட்டையை இறக்கி அறைந்தான். பெரியவர்கள் இது ஆட்டமே இல்லை என்றார்கள். சில வருடத்தில் எல்லோரும் அப்படியே அடிக்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கால மட்டையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தலை என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இன்றைய மட்டையில் நரம்பு கிட்டத்தட்ட பிடிக்குள் வரை இறங்குகிறது. நீள நரம்பு கூடுதலாக வளைந்து பந்தைத் திருப்பி எறியும். ஹோகனிடம் இன்றைய மட்டையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். முன்சுவர்தான் பாவம்.

மார்ச் 23

பந்து உடைவது பற்றி: ஆமாம், உடையும். தையல் வாயில் பிளக்கும். சத்தம் மந்தமாகிவிடும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ரேலி நடுவில் உடைந்தால் அதைத் திரும்ப ஆட வேண்டும். இதைப் பலத்துக்குச் சான்றாகச் சொல்லித் திரிகிற நண்பர் கவனத்துக்கு: பழைய பந்து யார் அடித்தாலும் உடையும்.

ஏப்ரல் 2

"வேகம் கூட்ட என்ன வாங்கலாம்?" என்று கேட்டு மூன்று செய்தி வந்திருக்கிறது. எதையும் வாங்குமுன் நரம்பின் இறுக்கத்தைக் குறையுங்கள். 30 பவுண்டுக்கு மேல் கட்டியிருந்தால் இரண்டு மூன்று பவுண்டு இறக்கிப் பாருங்கள். இறுக்கமான நரம்பில் பந்துதான் அதிகம் நசுங்குகிறது. நசுங்கிய ரப்பர் வாங்கியதை முழுசாகத் திருப்பித் தராது. நரம்பு வளைந்தால் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். பந்து போகும் திசை கொஞ்சம் முன்பின் ஆகும், பழகிவிடும்.

தலைப்பக்கம் கனமான மட்டை வாங்கலாமா என்பதற்கு: பின்சுவர்ப் பந்துக்கு நல்லது, சர்வ் எடுக்கும்போது கை பிந்தும். நான் வாங்கினேன். வேகம் கூடியதா என்று போனை வைத்து ஒலிப்பதிவு செய்து பார்த்தேன். ஒலிப்பதிவில் இடைவெளி அப்படியே 0.29 பக்கத்தில்தான் நிற்கிறது. முழங்கை மட்டும் வலிக்கிறது. யாருக்காவது வேண்டும் என்றால் பாதி விலைக்குத் தருகிறேன், பிடி புதிதாகச் சுற்றியது.